உயிரோடு பெற்றுக்கொண்டேன்

இயேசு மரி சூசை துணை

கரையான்சாவடி
6.2.1994

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை ஞானகுமாரி எழுதிக்கொண்டது. நானும் ரோஸ்லினும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

தெற்கே இருந்து பஸ் பிடித்து நீங்கள் வந்து சேர்வதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள். அதனால் நான் பார்த்ததை நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் மாப்பிள்ளையின் உள்ளங்கால் இரண்டும் கறுத்து வீங்கியிருந்தன. சாக்ஸ் வாங்கிவரச் சொல்லிப் போட்டு மறைத்தேன். அந்த மனுஷர் கல்யாணத்துக்குக்கூட சாக்ஸ் போட்டதில்லை.

பொங்கல் முடிந்த திங்கட்கிழமை, பாடியில் அவர் வேலை பார்க்கும் பட்டறையில் பித்தளைச் சாமான் காணோம் என்று அவரையும் கூட வேலை செய்யும் வேம்புலியையும் ஜீப்பில் ஏற்றினார்கள். ஸ்டேஷனுக்கு ஓடினேன். "வெசாரிச்சுட்டு அனுப்பிடுவோம், போய் சோறாக்கு" என்றார் ஒரு போலீஸ்காரர். சோறும் ஆக்கினேன். புதன்கிழமை மத்தியானம் அதே ஜீப்பில் படுக்கவைத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தார்.

கூட வந்த இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "லாக்கப்புல தூக்கு மாட்டிக்கினான்னு எழுதினா உங்க சாமியாரு மணி அடிப்பாரா? கல்லறையில எடம் குடுப்பாங்களா? நெஞ்சு வலின்னு எழுதினா உனக்கும் மரியாதை, அவனுக்கும் மரியாதை." நம் தெரு லூர்தம்மா மருந்து குடித்துச் செத்தபோது சுவருக்கு வெளியே புதைத்ததை நாம் இருவரும் சின்ன வயதில் பார்த்தவர்கள்தானே. பூத்துக்கு ஓடி நீங்கள் வேலை பார்க்கும் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். "போட்டுடு, மொதல்ல அடக்கத்த முடி" என்றீர்கள். "என் கணவரை மாலை ஆறு மணிக்கு நல்ல நிலையில் உயிரோடு பெற்றுக்கொண்டேன், இரவு வீட்டில் நெஞ்சு வலியால் இறந்தார்" என்று அவர்கள் எழுதியதில் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று வேம்புலி வந்தான். "யக்கா, அண்ணன் தூக்கும் மாட்டிக்கல, ஒண்ணும் மாட்டிக்கல. ராவெல்லாம் அடிச்சானுங்கோ. காலைல தண்ணி கேட்டாரு. அப்பால கேக்கல" என்று அழுதான். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன செய்யட்டும்? உடனே எழுதுங்கள்.

தங்கை
ஞானகுமாரி


கருவேலங்குளம்
போலீஸ் லைன்
15.2.1994

அன்புத் தங்கைக்கு அண்ணன் அந்தோணிராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். சர்க்கரை பரவாயில்லை, உன் அண்ணி அரிசியைக் கண்ணில் காட்டுவதில்லை.

கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்று சொல்கிறேன். இனிமேல் இப்படியெல்லாம் விவரமாக எழுதாதே. யார் பெயரையும் எழுதாதே. படித்ததும் கிழித்துவிட்டேன்.

மாப்பிள்ளை போனது எனக்கும் நெஞ்சில் கல் வைத்தது போலத்தான். தங்கமான மனுஷன். ஆனால் போன உயிர் புகார் கொடுத்தால் வராது. உனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது, வாடகை வீட்டில் இருக்கிறாய். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்கிறதோ இல்லையோ, அடிக்கிற கை வீங்கிப் போகும். அடித்தவர்களை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். நாளைக்கு விபூதிப் புதன், தவக்காலம் ஆரம்பம். கோயிலுக்குப் போய் மனதைத் தேற்றிக்கொள்.

எஸ்.ஐ. பிரமோஷன் பட்டியலில் இந்த முறை என் பெயர் வரும் என்கிறார்கள். வேண்டிக்கொள்.

உன் நலம் நாடும் அண்ணன்
அந்தோணிராஜ்


கரையான்சாவடி
13.3.1994

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கு நாங்கள் சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். பிரமோஷனுக்கு வேண்டிக்கொண்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். புகார் கொடுத்துவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட் துணிக் கம்பெனியில் என்னோடு நூல் பிசிறு வெட்டும் அன்னம்மாள் அக்காதான் பூந்தமல்லி கோர்ட்டில் ஜானகிராமன் என்ற வக்கீலிடம் கூட்டிப்போனாள். கலெக்டருக்கும், டில்லியில் புதிதாக வைத்திருக்கும் மனித உரிமைக் கமிஷனுக்கும் மனு போயிருக்கிறது. ஸ்டேஷன் பெயரை வீட்டுக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று அவரும் சொன்னார். நீங்களும் அவரும் அதில் மட்டும் ஒற்றுமை.

அடித்தவர்களை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருந்தீர்கள். பார்க்கட்டும். எனக்கு அடித்தவன் பெயர்கூடத் தெரியாது. ஆவடி ரயில் ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் விட்டால் டோக்கன் தருகிறார்கள். மணி காணோம் என்றால் எவன் திருடினான் என்று நாமா தேடுகிறோம்? உன் இடத்தில் விட்டது, நீ பதில் சொல் என்று ஸ்டாண்டுக்காரனைத்தானே பிடிக்கிறோம். சைக்கிள் மணிக்கு இருக்கிற நியாயம் என் புருஷன் பால்ராஜுக்கு இல்லையா? ஜீப் அரசாங்கத்துடையது, லத்தி அரசாங்கத்துடையது, பூட்டு அரசாங்கத்துடையது. அடித்தவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கேயும் லத்தி கொடுத்துத்தானே அனுப்பியிருப்பார்கள்?

இரண்டு நாளாகத் தெருமுனையில் ஒரு புல்லட் நிற்கிறது. ஓட்டிவந்தவர் டீ குடித்துக்கொண்டு நம் வீட்டையே பார்க்கிறார். உங்கள் கடிதமும் ஓரத்தில் பிரித்து ஒட்டினதுபோல் இருந்தது. அடுத்தது அன்னம்மாள் அக்கா விலாசத்துக்குப் போடுங்கள்.

அன்புத் தங்கை
ஞானம்


கருவேலங்குளம்
21.3.1994

அன்புத் தங்கைக்கு ஆசி. இங்கு வெயில் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி சுகம்.

என்னைக் கேட்காமல் செய்துவிட்டாய். அரசாங்கம் என்கிறாயே, அது யார்? அதற்கு முகம் உண்டா? எங்கே போய் அதன் சட்டையைப் பிடிப்பாய்? கலெக்டர் தாசில்தாரைக் காட்டுவார், தாசில்தார் எங்களைக் காட்டுவார், நாங்கள் பேப்பரைக் காட்டுவோம். பேப்பரில் உன் கையெழுத்து இருக்கிறது. நான் இருபது வருஷம் இதற்குள் இருப்பவன், தெரிந்துதான் சொல்கிறேன்.

அந்த ஸ்டேஷனில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் பேசினார். மனுவை வாபஸ் வாங்கினால் ரோஸ்லின் படிப்புக்கு ஏற்பாடு செய்கிறார்களாம். யோசி. யோசித்துவிட்டுப் பதில் போடு. புல்லட் நிற்பதைப் பற்றிக் கவலைப்படாதே, சும்மா நிற்பார்கள். ஆனாலும் தாழ்ப்பாளைச் சரி செய்துவிடு.

அண்ணன்
அந்தோணிராஜ்


கரையான்சாவடி
24.4.1994

அன்புள்ள அண்ணனுக்கு, உயிர்த்த ஞாயிறு வாழ்த்து தாமதமாகச் சொல்கிறேன். ரோஸ்லினுக்கு ஜுரம் வந்து சரியாகிவிட்டது. இப்போது இட்லி சாப்பிடுகிறாள். தாழ்ப்பாள் சரி செய்தாகிவிட்டது.

கலெக்டர் உத்தரவுப்படி ரெவின்யூ ஆர்.டி.ஓ. விசாரணை ஆரம்பித்தது. போலீஸ் தரப்பில் ஒரே பதில்தான். உயிரோடு ஒப்படைத்தோம், இதோ மனைவியின் கையெழுத்து. நான் எழுந்து, உயிரோடு தரவில்லை ஐயா, மத்தியானமே பிணமாகத்தான் தந்தார்கள் என்றேன். சாட்சி உண்டா என்று கேட்டார். இருக்கிறான் என்று வேம்புலியைக் கூட்டிவரப் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு கன்னியம்மாள் சொன்னாள்: "ரெண்டு பேரு வந்து பேசிக்கினு இருந்தாங்க. மறுநாளு பொழுது விடியறதுக்குள்ள சட்டி பானையோட காலி பண்ணிக்கினு போய்ட்டாங்கம்மா." அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கும் இரண்டு பெண்கள்.

ஜீப்பைப் பார்த்த தெருக்காரர்களும் சாட்சி சொல்லப் பயப்படுகிறார்கள். இப்போது ஒரே ஒரு சாட்சி மிச்சம், அண்ணா. மத்தியானமே நான் உங்களுக்குப் போன் போட்டு, "அவரு செத்துட்டாருண்ணா" என்று அழுதேன். பேப்பரில் மாலை ஆறு மணிக்கு உயிரோடு என்று இருக்கிறது. மத்தியானம் செத்தவர் ஆறு மணிக்கு எப்படி உயிரோடு வந்தார்? இதைச் சொல்ல உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

அரசாங்கத்துக்கு முகம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த அரசாங்கத்துக்கு உண்டு. பெரிய மீசை வைத்திருக்கிறது, பெண்டாட்டிக்குப் பயந்து ஒளித்து வைத்து ஜிலேபி தின்கிறது, என் கல்யாணத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதது.

பதிலுக்குக் காத்திருக்கும்
ஞானம்


கருவேலங்குளம்
16.5.1994

அன்புத் தங்கைக்கு, இங்கு சுகம். ரோஸ்லினுக்கு ஜுரம் விட்டது குறித்து சந்தோஷம். வெயிலில் அனுப்பாதே. மோர் நிறையக் கொடு. எங்கள் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கோயில் திருவிழா பந்தோபஸ்தில் பத்து நாள் ஓடிவிட்டது, அதனால்தான் தாமதம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அந்த ஆர்.டி.ஓ. வெளி மாவட்டத்து போலீசாரையும் கூப்பிடுவாரா? பழைய கேஸ் எதையாவது கிளறுகிற ஆளா? விசாரித்து எழுது.

அண்ணன்


கரையான்சாவடி
19.6.1994

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

என் கடிதத்துக்குப் பதில் வந்தது, நான் கேட்டதற்கு வரவில்லை. கிணற்றுத் தண்ணீரைப் பற்றி நான் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஸ்கூல் வாசலில் யாரோ ஒருவர் ரோஸ்லினுக்குக் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "உங்கம்மா எத்தினி மணிக்கு ஊட்டுக்கு வரும்? நீ தனியாவா இருப்ப?" என்று கேட்டாராம். போலீஸ் அங்கிள் ரொம்ப நல்லவரும்மா என்கிறாள். பளாரென்று அறைந்துவிட்டேன், பிறகு நானே கட்டிக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து அன்னம்மாள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். வீட்டுக்காரர் அடுத்த மாதம் காலி செய்யச் சொல்கிறார். வேலியே பயிரை மேய்ந்தால் பயிர்தான் இடம் மாற வேண்டுமாம்.

எனக்குத் தூக்கம் வராதபோது ஒன்று தோன்றுகிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அன்று நான் போனில் பாதிதான் சொன்னேன். லாக்கப்பில் செத்துட்டாரு என்றேன், அவ்வளவுதான். பேப்பரைப் பற்றியே இன்னும் சொல்லவில்லை. அதற்குள் நீங்கள், "உயிரோட வாங்கினதா எழுதச் சொல்லுவாங்க, போட்டுடு" என்றீர்கள். அது எப்படி அண்ணா உங்களுக்கு உடனே வாயில் வந்தது?

ஞானம்


கரையான்சாவடி
22.8.1994

அன்புள்ள அண்ணனுக்கு, நான் எழுதி இரண்டு மாதம் ஆகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்களோ என்றுகூடப் பயந்தேன். இருந்தால் அண்ணியாவது எழுதட்டும்.

பத்து நாளுக்கு முன் கல்லறையைத் திறந்தார்கள். ஆர்.டி.ஓ., பெரிய டாக்டர், போலீஸ் எல்லோரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் கட்டவில்லை. அவரை அடையாளம் சொல்லச் சொன்னார்கள். அந்த நைலான் சாக்ஸ் மட்டும்தான் அப்படியே இருந்தது, அதை வைத்துச் சொன்னேன்.

சாமியாரும் வந்திருந்தார். திரும்பி நடக்கும்போது என்னிடம் கேட்டார், ஏம்மா அப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்று. சுவருக்கு வெளியே புதைத்துவிடுவீர்களே, அதற்குப் பயந்துதான் சாமி என்றேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். "அதெல்லாம் மாறிப் பத்து வருஷம் ஆச்சும்மா. தற்கொலைன்னே சொல்லியிருந்தாலும் நான் மணி அடிச்சு உள்ளதான் அடக்கம் பண்ணியிருப்பேன். நீ ஒரு வார்த்தை என்னைக் கேட்கலையே" என்றார். வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இல்லாத சுவருக்குப் பயந்து அவர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

விலா எலும்பு நான்கும் பாத எலும்புகளும் முறிந்திருக்கின்றன என்று டாக்டர் எழுதிவிட்டார். இனி ஜெயித்தோம் என்று நினைத்தேன். விசாரணையில் அவர்கள் தரப்பு ஆள் எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? "நாங்க உயிரோட, நல்லபடியாக் குடுத்தோம்னு அந்தம்மாவே எழுதிக் குடுத்திருக்கு. அப்படின்னா அடி விழுந்தது ஊட்டுலதான். புருஷன் பொண்டாட்டிக்குள்ள இன்னா சண்டையோ?" என்றார். அண்ணா, என் புருஷனை நான் அடித்துக் கொன்றேன் என்று எழுதப் பார்க்கிறார்கள். என்னைக் கொண்டுபோய்விட்டால் ரோஸ்லினை யார் பார்ப்பார்கள்? பயமாக இருக்கிறது.

ஞானம்


கருவேலங்குளம்
4.9.1994

நாத்தனார் ஞானகுமாரிக்கு அண்ணி எழுதுவது. நாங்கள் நலம், நீங்கள் நலமா என்று கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் இல்லை. வீட்டில்தான் இருக்கிறார். உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. கிழிக்கிறேன் என்று சொல்கிறாரே தவிர ஒன்றையும் கிழிக்கவில்லை, தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார். சாப்பிடுகிறார், டியூட்டிக்குப் போகிறார், பேச்சு மட்டும் இல்லை. ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை. ஐந்து வருஷமாகவே லாக்கப்பைக் காவல் காக்கும் பாரா டியூட்டி போட்டால் ஜுரம் என்று லீவு சொல்லிவிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

எனக்கும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். பிரமோஷன் பட்டியலில் பெயர் வந்துவிட்டது, ஆர்டர் கைக்கு வரவில்லை. இந்த நேரத்தில் அவரை இழுக்காதே என்று காலில் விழுந்து கேட்டுக்கொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் சும்மா இருப்பேனா என்று யோசித்தேன். தெரியவில்லை, தாயே.

அண்ணி


கரையான்சாவடி
25.9.1994

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும், ரோஸ்லின் சுகம். வேறு வீடு கிடைக்கவில்லை, அன்னம்மாள் அக்காவோடு இருக்கிறோம்.

வியாழக்கிழமை விசாரணையில் ஆர்.டி.ஓ. நேராக என்னைப் பார்த்துக் கேட்டார், இறந்துவிட்டார் என்று மாலைக்கு முன்னால் யாரிடமாவது சொன்னாயா என்று. அண்ணி கடிதம் என் பையில்தான் இருந்தது. இரண்டு பெண்களின் முகமும் கண்ணில் வந்தது. வாயைத் திறக்க நேரம் ஆயிற்று. அவர்கள் தரப்பு ஆள் சிரித்தார்.

உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். ஏட்டு அந்தோணிராஜ், கருவேலங்குளம் ஸ்டேஷன், என் கூடப்பிறந்தவர் என்றேன். சம்மன் வரும்.

இதற்காக நீங்கள் என்னைத் தங்கை இல்லை என்று சொன்னாலும் நான் உங்களை அண்ணன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஸ்டேஷன் பதில் சொல்ல வேண்டும், கலெக்டர் பதில் சொல்ல வேண்டும், மேலே கோட்டையில் இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும், என் அண்ணனை மட்டும் விட்டுவிடுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்? நாளைக்கு இன்னொருத்தி இதே மாதிரி போன் போட்டு அழுவாள். அவளுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

வந்தால் நம் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். அன்னம்மாள் அக்கா வீடு என்று கூச்சப்படாதீர்கள்.

ஞானம்


கருவேலங்குளம்
9.10.1994

அன்புத் தங்கைக்கு, இங்கு மழை பிடித்துக்கொண்டது. அண்ணி சுகம். நான் சாப்பிடுகிறேன்.

சம்மன் வந்தது. எங்கள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு நல்லவிதமாகத்தான் பேசினார். "மஃப்டில போய்ட்டு வாய்யா. எட்டு மாசமாச்சு, எத்தனையோ போன் வருது, எது எப்ப வந்துச்சுன்னு ஞாபகம் இல்லன்னு சொல்லிரு. பிரமோஷன் ஆர்டர் என் மேசைலதான் இருக்கு" என்றார். சரி ஐயா என்று சல்யூட் அடித்துவிட்டு வந்தேன். அந்தச் சல்யூட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அண்ணியிடம் சொன்னேன். அழுதாள். அப்புறம் எழுந்துபோய் யூனிபாரத்தைத் துவைத்துப் போட்டாள். மழையில் காயவில்லை, அடுப்பு மேலே கட்டிக் காயவைத்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணனாக வேட்டி கட்டிக்கொண்டு வந்து சொன்னால், தங்கைக்காகச் சொன்னான் என்று எழுதிக்கொள்வார்கள். அதனால் ஏட்டாகத்தான் வருகிறேன். அன்று மத்தியானம் அரசாங்கப் போனை எடுத்தவன் நான். செத்துட்டாரு என்று காதால் கேட்டவன் நான். பொய்யில் கையெழுத்துப் போடு என்று சொன்னவனும் நான். எழுதிக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை காலை வண்டியில் வந்து இறங்குகிறேன். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தனியாக வா, ரோஸ்லினைக் கூட்டி வராதே. காக்கியைப் பார்த்தால் பயப்படுவாள்.

அது எப்படி உடனே வாயில் வந்தது என்று ஜூன் மாதம் கேட்டிருந்தாய். அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன். அவர்கள் கேட்டால் அங்கேயே சொல்கிறேன், எல்லோரும் எழுதிக்கொள்கிற இடத்தில். ஒருவேளை கேட்காமல் விட்டுவிடுவார்கள். விடத்தான் பார்ப்பார்கள். அப்படி விட்டால், ஞானம், நீ எழுந்து நின்று கேள்.

அண்ணன்
அந்தோணிராஜ்